தினைத்தாளும் குருகின் காலும்: ஆற்றங்கரைக் காட்சியும் சங்கப் பாடல் விளக்கமும்

முன்னுரை

சங்கப் பாடல்களில் வரும் பறவை, விலங்குப் பெயர்களுக்குப் பொருள் காணும் முயற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. உரையாசிரியர்கள் தத்தம் காலத்து வழக்கைக் கொண்டு பொருள் கூறினர். நிகண்டு நூலார் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் உயிரியல் நூல்களின் துணையோடு அப்பெயர்களை இன்றைய இனங்களோடு பொருத்திக் காட்டினர். இம்மூவகை முயற்சிகளும் பெரும்பாலும் சொல்லிலிருந்து தொடங்கிச் சொல்லிலேயே முடிகின்றன. அச்சொல்லால் குறிக்கப்பெறும் உயிரை ஆற்றங்கரையில் நின்று கண்டு, கண்டதைப் பாட்டோடு வைத்து எண்ணும் முறை மிக அருகியே பின்பற்றப்பட்டுள்ளது.

இக்குறை சிறியதன்று. பறவையின் பெயரைப் பிழைபட உணர்ந்தால் பாட்டின் ஒரு சொல் மட்டும் பிழைபடுவதில்லை. பல இடங்களில் பாட்டின் கருத்தே திரிந்துவிடுகிறது. குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாடலில் வரும் குருகு, முந்நூற்று அறுபத்து நான்காம் பாடலில் வரும் நீர்நாய், குறிஞ்சிப்பாட்டில் வரும் முதலை வகைகள் ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வுக்குரிய களமாகப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையை ஒட்டிய ஆறுகள், அவற்றுள்ளும் சிறப்பாகப் பாம்பாறும் சின்னாறும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

களம்

கேரளத்தின் ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுவன மூன்றே. அவை கபினி, பவானி, பாம்பாறு என்பன. இவற்றுள் பவானி பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்தின் மறையூர் வழியாகவும் தமிழகத்தை அடைகின்றன. மாறாக, ஆனைமலையில் தோன்றும் ஆழியாறு மேற்கு நோக்கிச் சென்று, சித்தூர்ப்புழை எனப் பெயர் பெற்றுப் பாரதப்புழையோடு கலக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டன. ஆயினும் அவ்வெல்லைகளுக்கு இருபுறமும் நீரும் மக்களும் மொழியும் இன்றும் கலந்தே வழங்குகின்றன.

பாம்பாறு ஆனைமுடியைச் சார்ந்த உயர்மலைகளில் தோன்றி, மறையூரைக் கடந்து, தூவானம் என்னும் இடத்தில் அருவியாக வீழ்ந்து, கூட்டாறு என்னுமிடத்தில் சின்னாற்றோடு கலந்து, அமராவதி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அமராவதியே சங்க நூல்கள் கூறும் ஆன்பொருநை என்பது அறிஞர் பலரும் கொண்ட முடிபு. புறநானூற்றில் இவ்வாறு வெண்மணலோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் கருவூரை ஒட்டி ஓடும் இவ்வாறு சங்கப் புலவர் அறிந்த ஆறு என்பதில் ஐயமில்லை. ஆகவே சின்னாற்றின் கரையில் நிற்பவர் ஆன்பொருநையின் தலைநீரில் நிற்கிறார் எனலாம்.

1984இல் அமைந்த சின்னாறு வனவிலங்குப் புகலிடம் 90.44 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் இங்கு மழை குறைவு. மலைச்சரிவில் முட்புதரும் கள்ளியும் நிற்க, ஆற்றின் இருமருங்கிலும் மட்டும் மருதமும் நாவலும் ஓங்கி வளர்ந்த பசுங்கரைக்காடு ஒரு நாடாப்போல் நீண்டு செல்கிறது. நரை நிற மலையணில் அக்கரைக்காட்டின் பிணைந்த கிளைகளில் கூடு கட்டி வாழ்கிறது. சரிவின் பாறைகளுக்கிடையே மஞ்சள் கழுத்துச் சின்னான் என்னும் அரிய கொண்டைக்குருவி உறைகிறது. மயில் முட்புதரில் மேய்கிறது; நீர்நாய் ஆற்றில் மீன் தேடுகிறது; முதலை பாறையில் வெயில் காய்கிறது. இலக்கண நூலார் ஐந்நிலத்துக்கும் பகுத்துக் கொடுத்த கருப்பொருள்கள் பல இங்கே அரைநாள் நடைத்தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன.

இக்காட்சி திணைக்கோட்பாட்டுக்கு மாறானதன்று. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் அந்நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராவிடினும், வந்த நிலத்தின் பயனைத் தரும் எனத் தொல்காப்பியமே இடமளிக்கிறது. பிற்கால அகப்பொருள் இலக்கணங்கள் குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் கானங்கோழியும், நெய்தலுக்குக் கடற்காகமும் எனப் பட்டியலிட்டபோது இந்நெகிழ்ச்சி மறைந்தது. பட்டியலை நிலவரைபடமாகக் கொண்ட பிழை நம் காலத்து ஆய்வுகளிலும் தொடர்கிறது.

கபிலரோ பிறரோ பாம்பாற்றங்கரையில் நின்று பாடினர் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பாடல்களில் வரும் உயிர்கள் ஓடும் நீரில் இன்றும் காணக்கிடைக்கும் இடங்களுள் இது ஒன்று. ஆதலின் விளக்கங்களைச் சோதித்தற்கு ஏற்ற இடம். இவ்வளவே ஈண்டுக் கொள்ளப்படுகிறது.

முன்னோர் முயற்சிகள்

சங்க இலக்கிய உயிரினங்களைப் பற்றிய தனி ஆய்வுகளுள் தலையாயவை பி. எல். சாமியின் நூல்கள். ஆட்சிப்பணியில் இருந்துகொண்டே அவர் செடிகொடிகள், விலங்குகள், பறவைகள் ஆகியவற்றைத் தனித்தனி நூல்களாக ஆராய்ந்தார். அவருடைய ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ 1976இல் வெளிவந்தது. பாடலடிகளைத் தொகுத்து, அடைமொழிகளை ஒப்பிட்டு, பறவை நூல்களின் செய்தியோடு இணைத்துக் காட்டிய அந்நூலுக்குத் தமிழாய்வு பெரிதும் கடப்பாடுடையது. ஆயின் அதனைப் பயன்படுத்துவோரில் பலர் அவர் காரணங்களை விட்டு முடிவுகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு சங்கப் பெயர், அதற்கு நேரே ஓர் அறிவியற் பெயர் என்னும் இரு பத்திப் பட்டியலாக அவ்வாய்வு சுருங்கிவிட்டது. அறிவியற் பெயர் இட்டவுடன் ஆய்வு முடிந்தது என்னும் எண்ணமும் பரவியுள்ளது.

இதற்கு மாறான மரபு ஒன்றும் நம்மிடையே உண்டு. அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கட்டுரைகளில் ஓர் உயிரின் பெயரைவிட அதன் நடத்தைக்கே முதன்மை தந்தார். எல்லைக்கு அப்பால் பாலக்காட்டு மாவட்டத்துக் காவசேரியிற் பிறந்த கே. கே. நீலகண்டன் (1923–1992) ஆங்கில இலக்கிய ஆசிரியர். ‘இந்துசூடன்’ என்னும் புனைபெயரில் எழுதியவர். 1958இல் வெளிவந்த அவருடைய ‘கேரளத்திலே பக்ஷிகள்’ மலையாளத்தில் பறவை நோக்கலுக்கு வழிவகுத்தது. இலக்கியம் கற்பித்த ஒருவர் வயல்வரப்பில் நின்று பறவைநூல் எழுதினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது முகாமிட்ட இடங்களுள் மறையூரும் ஒன்று. அக்கணக்கெடுப்பின் பயனாக 1953இல் நூலொன்று வெளிவந்தது. 1969இல் அது ‘கேரளப் பறவைகள்’ என்னும் பொருள்படும் புதுப்பெயரோடு மறுபதிப்புப் பெற்றது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின் பறவையியலார் அவர் சென்ற இடங்களுக்கே மீண்டும் சென்று ஒப்பிட்டுப் பார்த்தனர். முன்னோர் கூற்றை இடத்துக்குச் சென்று சரிபார்ப்பது உயிரியலில் இயல்பான கடமை. உரைமரபைப் பயில்வோரிடம் அக்கடமையுணர்வு இன்னும் வேரூன்றவில்லை.

குருகு: சான்றாக நின்ற பறவை

கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலின் செய்தி யாவரும் அறிந்தது. தலைவனும் தலைவியும் கூடிய இடத்தில் வேறு எவரும் இல்லை. களவு செய்த அவன் ஒருவனே இருந்தான். அவன் கூறியதைப் பொய்ப்பானாயின் தான் என்ன செய்வது எனத் தலைவி தோழியிடம் கவல்கிறாள். பின்னர் நினைவுகூர்வாள்போல, அங்கே ஒரு குருகும் இருந்தது என்கிறாள். அக்குருகின் கால் தினையின் தாளைப் போன்றது, சிறியது, பசுமையானது. அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குருகு என்பதற்குப் பறவைப் பொது, நாரை, கோழி எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. உரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் நாரை என்றும் கொக்கு என்றும் பொருள் கொள்ளப்படுகிறது. எப்பறவையாயினும் பாட்டுக்கு ஒன்றே என்பது பலர் கருத்து. ஆயின் கபிலர் ஒரு பறவையைக் கூறி அமையவில்லை. காலின் அளவு, நிறம், உவமை, நின்ற நீரின் இயல்பு, தேடிய மீன் ஆகிய ஐந்து குறிப்புகளைத் தருகிறார். அவ்வைந்தும் ஒருசேரப் பொருந்தும் பறவையைத் தேடுவது உரைகாரரின் கடமை.

சின்னாற்றின் ஆழமில்லாத நீரோட்டத்தருகே காலைவேளையில் நிற்பவர் இத்தேடலை எளிதில் செய்யலாம். வெண்ணிறச் சிறுகொக்கின் கால் கருமையானது. விரல்கள் மட்டுமே மஞ்சள். பெருங்கொக்கும் கருங்காலுடையது, சிறுமை என்னும் அடைக்கும் பொருந்தாது. சாம்பல் நாரையின் கால் நீண்டது. பிற்காலத் தனிப்பாடலொன்று சிவந்த கால்களை உடையதாக நாரையைப் பேசுவது அறிந்ததே. ஆகவே நாரை என்னும் பொருள் இப்பாட்டின் பசிய காலோடு முரணுகிறது. எஞ்சுவன இரண்டு. ஒன்று, மடையான் எனவும் குளத்துக் கொக்கு எனவும் வழங்கும் பறவை. மற்றொன்று, கரையோர நிழலில் தனித்து நிற்கும் பச்சைக் கொக்கு. இரண்டன் கால்களும் மங்கிய மஞ்சள் கலந்த பச்சை நிறத்தன, இரண்டும் சிறியன, இரண்டும் அசையாமல் நின்று ஓடும் நீரை நோக்குவன.

இரவில் இரை தேடும் வக்காவின் காலும் மஞ்சள் சார்ந்ததே. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் ஆதலின் வக்காவைக் கொள்ளலாமே எனின், அதற்குப் பாட்டே தடையாகிறது. காலின் நிறத்தைத் தலைவி கண்டிருக்கிறாள். யாமத்து இருளில் பசுமையும் கருமையும் வேறுபடா. ஆகவே அது ஒளியுள்ள பொழுது. கூடல் பகற்குறியில் நிகழ்ந்தது எனக் கொள்வதே தக்கது. ஆரலின் இயல்பும் இதற்கு அரண் செய்கிறது. விலாங்குபோல் நீண்ட உடலுடைய அம்மீன் பகலில் மணலிலோ சேற்றிலோ உடலைப் புதைத்து மூக்கை மட்டும் நீட்டிக் கிடப்பது. அந்தியிலும் இரவிலுமே வெளிப்போந்து திரிவது. அதனைப் பார்த்து நிற்கும் பறவை புலரியிலோ மாலை மயங்கும் முன்னரோ நெடும்பொறுமையோடு நிற்க வேண்டும். பார்க்கும் என்னும் வினை பார்த்திருத்தலையும் உணர்த்துவதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

பசுமை என்னும் சொல்லின் எல்லையும் களத்திலேயே தெளிவாகிறது. அச்சொல் பச்சையை மட்டும் குறிப்பதன்று. பசும்பொன் என்புழிப்போல மஞ்சளை நோக்கிய ஒளிர்வையும் தழுவுவது. தினைத்தாள் இளமையில் பச்சையாயிருந்து கதிர் முற்றுங்கால் மஞ்சளாக மாறுகிறது; இடைப்பட்ட நாள்களில் அது கொள்ளும் நிறமே மடையான் காலின் நிறம். சின்னாற்றுப் புகலிடத்திலுள்ள தாயண்ணன்குடி மக்கள் கேழ்வரகு, தினை முதலிய பழைய பயிர்வகைகளை மீட்டுப் பயிரிட்டு வருகின்றனர். புனத்துத் தினையையும் ஆற்றுக் கொக்கையும் ஒரே காலையில் காண்பவர்க்கு உவமையின் நுட்பம் உரையின்றியே விளங்கும். உவமையும் பொருளும் ஒரே நிலத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இப்பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் உலகறியச் செய்த ஏ. கே. இராமானுசன், காலின் நிறத்தை மஞ்சள் எனக் கொண்டார். அது தவறன்று; ஆனால் பாதி உண்மை. ஆரலுக்கு அவர் இட்ட பெயரோ குளிர்நாட்டு நீர்நிலைகளில் வாழும் தாடையற்ற வேறோர் உயிருக்குரியது. அது தமிழகத்து ஆறுகளில் இல்லை. கவிதை நயத்தில் அம்மொழிபெயர்ப்பை விஞ்சியவை சிலவே. எனினும் சொல்லைச் சொல்லால் பெயர்க்கும்போது ஆறு விடுபட்டுப் போகும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

பறவை இன்னதென அறிவதால் பாட்டுக்கு வரும் பயன் யாது? மடையானின் நடத்தையில் அதற்கு விடையுண்டு. அதன் முதுகு மண்ணிறக் கோடுகளால் ஆனது. கரையோடு கரையாக நிற்கும்போது கண்ணுக்குப் புலப்படாது. மனிதர் மிக நெருங்கும்வரை அசையாது. காலடியில் மிதிபடும் எல்லையில் திடுமென எழும். அப்போதுதான் மறைந்திருந்த வெண்சிறகுகள் பளிச்சிடும். இவ்வாறு ஆள் வருவதைக் காணாததுபோல் நிற்பதால் அதற்குத் தமிழில் குருட்டுக் கொக்கு என்னும் பெயரும் உண்டு. சிங்களத்திலும் கண் தெரியாத கொக்கு எனப் பொருள்படும் பெயரால் அது வழங்குகிறது. இவை பிற்கால வழக்குப் பெயர்கள். அவற்றைக் கபிலர் காலத்துக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் அப்பெயர்களைப் பிறப்பித்த காட்சி கபிலர் கண்ட காட்சியே.

இதனை மனத்தில் கொண்டு பாட்டை மீண்டும் நோக்கினால் தலைவியின் துயர் வேறொரு ஆழம் பெறுகிறது. பறவை இரையில் கருத்தூன்றியதால் தங்களைக் கவனிக்கவில்லை என்பதே வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். அது பொருந்தும், ஆனால் முழுமையன்று. உரத்த பேச்சும் விரைந்த அசைவும் இருந்திருப்பின் குருகு பறந்திருக்கும். பறக்காமல் நின்றது என்பதே அவ்விடத்தின் அமைதியைக் காட்டுகிறது. தலைவன் உரைத்த சூள் தாழ்ந்த குரலில் உரைக்கப்பட்டது. ஆதலின் கேட்டார் பிறர் இலர். அவளுக்கென எஞ்சிய ஒரே சான்று, கண்ணிருந்தும் காணாததுபோல் நிற்கும் பறவை. சான்று உண்டு என்று அவள் சொல்வதே சான்று இல்லை என்பதற்கான முறையீடாகிறது. கருங்காற் கொக்கையோ செங்கால் நாரையையோ அவ்விடத்தில் நிறுத்தினால் இப்பொருள் இவ்வளவு இறுக்கமாக அமையாது.

மடையானா, பச்சைக் கொக்கா என்னும் வினாவுக்கு முடிந்த முடிபு கூற இக்கட்டுரை முற்படவில்லை. மடையானின் நடத்தை பாட்டோடு மிகவும் இயைகிறது எனலாம். குருகு என்பது ஓரினத்தின் பெயரன்று, ஒரு கூட்டத்தின் பெயர். அக்கூட்டத்துள் எது என்பதை அடைமொழிகளே வரையறுக்கின்றன. பட்டியலில் குருகு என்பதற்கு நேரே ஓர் அறிவியற் பெயரை எழுதுவோர் இவ்வரையறையை அழித்துவிடுகின்றனர்.

நீர்நாய்: வரிகளின் வினா

குறுந்தொகை 364ஆம் பாடலில் ஔவையார் வாளைமீனை நாளிரையாகப் பெறும் நீர்நாயைக் காட்டுகிறார். பின்னிக் கிடக்கும் பிரம்பை முதலிற் கூறி, நீர்நாயின் முதுகை வரியுடையது என்கிறார். இது படிப்பார்க்கு இடர் தருவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மூவகை நீர்நாய்கள் உள்ளன. மூன்றன் முதுகும் ஒருசீரான பழுப்பு நிறத்தவை. எதற்கும் வரி இல்லை. அணிலின் முதுகுக்கு ஏற்ற அடைமொழி நீர்நாய்க்கு எவ்வாறு வந்தது?

புலவர் பிழைபட்டார் எனலாம். அல்லது நீர்நாய் என்றது வேறொரு விலங்கு எனலாம். இவ்விரண்டும் நூலகத்தில் அமர்ந்து காணும் விடைகள். ஆற்றங்கரையில் காத்திருப்பவர் மூன்றாவது விடையைப் பெறுகிறார். உலர்ந்த நீர்நாயை நாம் காண்பது அரிது. பெரும்பாலும் அது நீரிலிருந்து கரையேறும்போதே காண்கிறோம். அப்போது அதன் மேல்மயிர் நனைந்து, தனித்தனிக் கூரிழைகளாகத் திரண்டு, இடையிடையே கோடு விழுந்து தோன்றும். உடலை உதறியதும் அத்தோற்றம் மாறும். மயிரின் நீளத்துக்கேற்ப இது இனத்துக்கு இனம் மிகுந்தும் குறைந்தும் காணப்படும். வாளையைப் பற்றிக்கொண்டு கரையேறும் கணத்தைப் பாடும் புலவர் அக்கணத்துக்குரிய முதுகையே பாடினார் எனக் கொள்ளின் அடைமொழி வழுவாகாது.

பிரம்பு என்பதை விலங்கு வாழும் இடமாகக் கொள்வதா, வரிக்கு உவமையாகக் கொள்வதா என்னும் இலக்கண வினாவும் இதனோடு தொடர்புடையது. பிரம்பு ஆற்றோரத்து முட்கொடி. அதனூடே நுழைந்து வரும் நனைந்த விலங்கின் மயிரில் முள் கோடிழைத்தல் கூடும். இது கருதுகோளே. ஆயினும் இடம், உவமை என்னும் இரு பொருளையும் ஒன்றோடொன்று பகையாக நிறுத்தவேண்டியதில்லை என்பதை இது காட்டுகிறது. பாட்டிலுள்ள அடைமொழி விலங்கின் நிலையான அடையாளமா, ஒரு பொழுதின் தோற்றமா என்று முதலில் வினவுதல் வேண்டும். அறிவியல் நூல் முன்னதை மட்டும் கூறும். பாட்டு பின்னதையும் கூறும்.

முதலை: மூன்று பெயரும் ஓர் ஆறும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர், தலைவன் இரவில் வரும் வழியின் ஏதங்களை எண்ணித் தலைவி அஞ்சும் இடத்தில் முதலை, இடங்கர், கராம் என்னும் மூன்றையும் அடுக்கிக் கூறுகிறார். இவற்றை முதலையின் வகைகள் என்பது உரைமரபு. இந்தியாவில் இன்று வாழும் முதலை இனங்களும் மூன்றே. ஆகவே மூன்று பெயரையும் மூன்று இனங்களுக்கு நேர்நிறுத்தத் தோன்றுவது இயல்பு. எண்ணிக்கை ஒத்தலே இங்குப் பொறியாக அமைகிறது.

அம்மூவினங்களுள் நீண்ட ஒடுங்கிய மூக்குடைய கரியால் சிந்து, கங்கை, பிரமபுத்திரா, மகாநதி முதலிய ஆறுகளுக்கு உரியது. தென்னாட்டு ஆறுகளுக்கு உரியதன்று. உவர்நீர் முதலை கழிமுகங்களிலும் கடலோரங்களிலும் வாழ்வது. குறிஞ்சி நிலத்து மலைவழியில் அதற்கு இடமில்லை. எஞ்சுவது நன்னீர் முதலை ஒன்றே. பாம்பாற்றிலும் சின்னாற்றிலும் அமராவதி நீர்த்தேக்கத்திலும் இன்று வாழ்வது அதுவே. ஆயின் கபிலரின் மூன்று பெயர்கள் எதனைக் குறித்தன? பருவம், அளவு, உறையும் நீரின் ஆழம் ஆகியவற்றால் ஓரினத்தையே மக்கள் பல பெயரால் வழங்கியிருத்தல் கூடும். மானுக்கும் யானைக்கும் ஆண், பெண், இளமை பற்றிப் பல பெயர் வழங்கும் மொழியில் இது வியப்பன்று. ஓர் ஆற்றை நாள்தோறும் கடக்கும் மக்களுக்கு, குட்டி முதலையும் ஆளை இழுக்கும் பெருமுதலையும் ஒன்றல்ல. அச்சத்தின் அளவே பெயரை வேறாக்குகிறது. தலைவியின் அடுக்கு அச்சத்தின் அடுக்கு. விலங்கியல் பட்டியல் அன்று.

வழக்குப் பெயர்களும் ஆறும்

மேற்கூறிய மூன்று சான்றுகளும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. பெயர்கள் உயிர்களிடமிருந்து மட்டும் பிறப்பதில்லை. உயிர்களோடு மக்கள் கொண்ட உறவிலிருந்தும் பிறக்கின்றன. ஆகவே பெயர் விளக்கத்துக்கு மூவகைச் சான்றுகள் வேண்டும்: பாடல், உயிர், அவ்வுயிரோடு வாழும் மக்களின் வழக்கு. மூன்றாவது சான்று எல்லைப்புறத்தில் இன்னும் உள்ளது. மறையூர், சின்னாறு மலைகளில் வாழும் முதுவரும் மலைப்புலையரும், அட்டப்பாடியில் வாழும் இருளரும் தமிழோடு நெருங்கிய பேச்சுவழக்கினர். சித்தூர் வட்டத்து உழவர் பலர் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுவோர். இவர்கள் வாயில் வழங்கும் பறவை, மீன், விலங்குப் பெயர்கள் எந்த மாநிலத்தின் அகராதிக்கும் முழுமையாக உரியன அல்ல. அதனாலேயே இரண்டிலும் விடுபடும் இடரில் உள்ளன.

நூல்களுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் ஒருசீரான பெயர் வேண்டும் என்பது மறுக்கவியலாதது. ஆயின் தரப்படுத்திய பெயரை ஆக்குவோர் அதனோடு கைவிடப்படும் வழக்குப் பெயர்களையும் இடம், சொன்னவர் மரபு, காரணம் ஆகியவற்றோடு பதிவு செய்தல் வேண்டும். இந்தியக் குளத்துக் கொக்கு என்பது பட்டியலுக்கு ஏற்ற பெயர். குருட்டுக் கொக்கு என்பது ஒரு பாட்டைத் திறக்கும் பெயர். முன்னது நிலைக்கப் பின்னது அழியுமாயின் இழப்பு இலக்கியத்துக்கே.

உயிர்களின் நிலையும் இதனினும் கவலைக்குரியது. ஆன்பொருநையின் வெண்மணலும் ஆரலின் மறைவிடமும் ஒன்றே. பாரதப்புழையில் பல்லாண்டுகள் நிகழ்ந்த மணற்கொள்ளையால் ஆற்றுப்படுகை தாழ்ந்து, மணல் நீங்கிய இடங்களில் புல்லும் புதரும் மண்டின. மணலின்றி ஆரல் புதையாது. ஓட்டமின்றி அந்நீர் பாட்டு கூறும் நீராகாது. அணைகளும் நீர்ப்பகிர்வும் எல்லையின் இருபுறத்து மக்களுக்கும் இன்றியமையாதவை. அமராவதி அணையின்றி அதன் கீழுள்ள வேளாண்மை இல்லை. எனினும் கோடையில் ஆற்றில் எஞ்சும் சிறு ஓட்டமே இப்பாடல்களின் உயிருள்ள உரை என்பதை இலக்கிய ஆய்வாளராவது எடுத்துரைத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடி செல்லரித்தபோது உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஊர்தோறும் சென்று தேடினர். ஆறு அரிக்கப்படும்போதும் அத்தகைய தேடல் தேவை.

முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படுவன வருமாறு. சங்கப் பாடல்களின் உயிரினப் பெயர்கள் பல கூட்டப் பெயர்கள். அவற்றை ஓரினத்துக்கு வரையறுப்பவை அடைமொழிகள். அடைமொழிகளுள் சில நிலையான அடையாளத்தையும், சில ஒரு கணத்தின் தோற்றத்தையும் குறிப்பன. எண்ணிக்கை ஒப்புமை கொண்டு பெயரையும் இனத்தையும் பொருத்துதல் பிழைக்கு இடந்தரும். உயிரின் நடத்தையை அறிவதால் பெயர் மட்டுமன்றிப் பாட்டின் உட்பொருளும் தெளிவடையும்.

பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகள் சங்க இலக்கிய வகுப்பின் ஒரு பகுதியை ஆற்றங்கரையில் நடத்துதல் இயலாததன்று. பதிப்பு நூலொன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். புலரியில் சின்னாற்றின் கரையில் ஓசையின்றி ஒரு நாழிகை நிற்கும் மாணவர், கரையோடு கரையாய் நிற்கும் மடையானை முதலில் காணமாட்டார். ஓரடி எடுத்து வைத்ததும் அது வெண்சிறகு விரித்து எழும். அவ்வளவு நேரமும் தம்மருகே அது நின்றிருந்தது என்பதை அப்போது அவர் உணர்வார். குருகும் அங்கே இருந்தது என்று தலைவி கூறியதன் பொருளை அதன்பின் எவரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.